மூன்றாவது சாட்சி

மே 12, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் இந்த டைரியை ஜனவரியிலேயே கொடுத்துவிட்டுப் போனார். நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது.

நாற்பத்தெட்டு வயது மங்கையர்க்கரசியாகிய நான், அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் உட்கார்ந்து ஊர் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள், பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் திருமண நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தேன். உடன் வந்தவர் சூசை சார். முழுப்பெயர் சூசைமாணிக்கம், வயது ஐம்பத்து மூன்று, பஸ் டெப்போவில் டைம் கீப்பர். மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மாதாமாதம் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருவார். மூன்று வருஷம் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தவர், பொங்கல் கழிந்த வாரம் "மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றார். சர்க்கரையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாவம், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நான் முருகன் கோயிலுக்குப் போகிறவள். இரண்டு பேரும் மாறப்போவதில்லை. அதனால் தனித் திருமணச் சட்டம். கிளார்க் விரல் மடக்கிச் சொன்னார்: நோட்டீஸ் முப்பது நாள் போர்டில் தொங்கும், யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அதற்குப் பிறகு திருமணம் செய்துகொள்ளலாம், சாட்சி மூன்று பேர் வேண்டும், மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது. "ஆகஸ்ட் பதினொண்ணு கடைசி நாள்மா. அதைத் தாண்டுனா மறுபடி முதல்லேருந்து."

அங்கே நிலம் பதிவு செய்ய வந்தவர்கள் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நானும் ஒரு காலி மனை மாதிரி உட்கார்ந்திருந்தேன். இங்கேயேதான் கல்யாணமா என்று என் முகம் போன போக்கைப் பதிவாளர் பார்த்துவிட்டார். "வேற எடத்துல நடத்தவும் சட்டத்துல வழியிருக்குமா. விண்ணப்பம் குடுத்தா நாங்க வருவோம்" என்றார்.

"கீழமுனைக் கடற்கரை" என்றார் சூசை சார், நான் வாயைத் திறப்பதற்குள். அங்கேதான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்டல் சாப்பிடுவோம். எல்லாரும் பார்க்கிற இடம். ஒளிவு மறைவு வேண்டாம் என்பது அவர் கட்சி.

தம்பி கதிரேசனிடம் இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். அவன் அதே டெப்போவில் டிரைவர். தினமும் அவனுடைய டிரிப் ஷீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திடுவதே சூசை சார்தான். "நீங்க மூச்சுக் காட்டக்கூடாது, நானே சொல்லிக்கிடுறேன்" என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மே 13

சொல்லவில்லை. அவனுக்குப் பல் வலி.

மே 14

சொல்லவில்லை. மாங்காய் ஊறுகாய் போட்டேன்.

மே 15, வியாழன்

தெரிந்துவிட்டது. மனைப் பத்திரம் பதியப் போன யாரோ ஒருவர் போர்டில் நோட்டீஸைப் படித்துவிட்டு, நேரே இவன் பஸ்ஸில் ஏறி, "டிரைவர் தம்பி, ஒங்க அக்காவுக்குக் கல்யாணமாமே?" என்று கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தான். கை கழுவினான். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். இந்த வீட்டில் அவன் தட்டைக் கழுவியது இதுதான் முதல் தடவை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேறு மதம் என்பது பிடிக்கவில்லை, வேறென்ன. பிடிக்காவிட்டால் போகட்டும். நாற்பத்தெட்டு வயதில் யாரிடம் அனுமதி கேட்பது?

மே 29

பதினான்கு நாளாக மௌன விரதம். உப்பு வேண்டுமென்றால்கூட மனைவி தேன்மொழியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லி, நான் அவளிடம் கொடுத்து, அவள் அவனிடம் கொடுக்கிறாள். உப்புக்கு இத்தனை ஸ்டாப்பிங்.

டெப்போவிலும் அதே கதைதானாம். டிரிப் ஷீட்டை ஜன்னல் வழியே தள்ளிவிட்டு வானத்தைப் பார்க்கிறானாம். "வானத்தப் பாத்துக்கிட்டே வண்டி எடுத்துராம இருந்தாச் சரி மேடம்" என்றார் சூசை சார்.

ஜூன் 12

முப்பது நாள் முடிந்தது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை. காலையில் போன் செய்து கேட்டேன். மதியம் மறுபடியும் கேட்டேன். "யார் பேரையாவது எதிர்பாக்குறீங்களாம்மா?" என்று கிளார்க் கேட்டார். இல்லை என்றேன்.

கல்யாணம் ஜூன் 27 என்று முடிவாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

கீழமுனையில் ஒத்திகை. என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நூர்ஜகான் வந்தாள். அவள் ஒரு சாட்சி. சூசை சாரின் அக்கா ரோஸ்லின் ஒரு சாட்சி. மூன்றாவது ஆளைப் பார்க்க வேண்டும்.

பதிவுப் புத்தகம் வைக்க ஒரு மேஜையைக் கொண்டுபோய் மணலில் வைத்தோம். நூர்ஜகான் அதன்மேல் சாய்ந்து கையெழுத்துப் போடுவது போல் நடித்தாள். ஒரு கால் உள்ளே போய் மேஜை தொழுகை செய்தது. அவளே சிரித்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தோம். அசையவில்லை.

கரைவலைக் கூட்டத்தின் தலைவர் கருமலை சம்மாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கரைவலை என்பது வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டமாகக் கரையில் நின்று இழுப்பது; மீன் வந்து சேரும் நடுப் பைக்கு மடி என்று பெயர். இந்தக் கரையில் நல்லது கெட்டது எதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னேன்.

"தாராளமா நடத்துத்தா. மண்ணு எல்லாருக்கும் பொதுதான. ஆனா வலை தண்ணியில கெடக்கையில கயித்த யாரும் தாண்டப்படாது. கலெக்டரே வந்தாலும் மடி ஏறுறவரைக்கும் நிக்கத்தான் வேணும்" என்றார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, "எனக்கு ஊசி குத்தி மூணு நா வீங்கிக் கெடந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்றார். இந்த ஊரில் எல்லாரும் எனக்கு இப்படித்தான் பழக்கம்.

ஜூன் 24

27ஆம் தேதி வேண்டாம் என்று தள்ளிவைத்தேன். மூன்றாவது சாட்சி சரியாக அமையவில்லை.

நூர்ஜகான் மூன்று பேரைச் சொன்னாள். மருந்தகத்துப் பார்மசிஸ்ட்: கையெழுத்து மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும், கிறுக்கலைப் பார்த்துக் கல்யாணமே செல்லாது என்பார்கள். ஆஸ்பத்திரி வாட்ச்மேன்: ஆயுள் முழுக்க ஆட்களைத் தடுத்தே பழகியவர், கல்யாணத்தையும் தடுத்துவிடுவார். டெப்போ மெக்கானிக்: கையெல்லாம் கிரீஸ், அரசாங்கப் புத்தகத்தில் அழுக்கு ஒட்டிவிடும்.

"சாட்சிக்கு மாப்பிள்ளை பாக்குறவ நீங்க ஒருத்திதான்க்கா" என்றாள் நூர்ஜகான்.

ஜூலை 3

புதிய தேதி ஜூலை 11. சுங்குடிச் சேலை எடுத்தேன், கத்தரிப்பூ நிறம். பட்டு கட்டிக்கொண்டு வெயிலில் நின்றால் எனக்கே குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஜூலை 8

11ஆம் தேதியும் வேண்டாம். பஸ் சங்கத்தில் அன்று ஏதோ கூட்டமாம். டெப்போவில் யாருக்கும் லீவு கிடைக்காதாம். சூசை சாருக்கு லீவு கிடைத்துவிட்டது. ஆனாலும் மற்றவர்களையும் பார்க்க வேண்டுமல்லவா.

சூசை சார் சுண்டல் பொட்டலத்தை மடித்தபடியே, "பஸ்ஸு எவ்வளவு லேட்டானாலும் டெப்போவுக்குத்தான வந்தாகணும்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் எங்கள் பக்கம் கல்யாணமே கிடையாது. ஆகஸ்ட் 11 வருவது ஆடிக்குள்தான்.

பதிவாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ஆடியிலதான்மா சார் ஃப்ரீயா இருப்பாரு. எந்த நாள் வேணாலும் வாங்க" என்று கிளார்க் குஷியாகச் சொன்னார். ரோஸ்லின் அக்காவோ, "எங்களுக்கு ஆடியும் இல்ல ஆவணியும் இல்ல. நீங்க சாக்கு சொல்றதுக்கு வேற மாசம் பாருங்க" என்கிறார்.

ஜூலை 26

கதிருவின் சட்டைகளைத் தோய்க்கப் போனேன். பச்சைக் கட்டம் போட்ட சட்டையைத் தேன்மொழி பிடுங்கிக்கொண்டாள். "அத விடுங்க மதினி, பையில எதையோ வச்சிருக்காக. எந்தச் சட்டை மாத்துனாலும் எடுத்து அந்தச் சட்டையில வச்சுக்கிடுறாக. தொட்டாக் கத்துறாக" என்றாள்.

சீட்டுக் கம்பெனிக் கார்டாக இருக்கும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாள் ஆகஸ்ட் 11. இனித் தள்ளிவைக்க நாளே இல்லை. இன்று சூசை சாருக்குச் சர்க்கரை பார்த்தேன், கூடியிருக்கிறது. திட்டினேன். "கவலை இருந்தாலும் கூடுமாமே மேடம்?" என்றார். கவலையா என்றேன். "நாஞ் சரி, எனக்கு வெயிட்டிங் பழக்கந்தான். நீங்க யாருக்காக நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அவருகிட்ட நான் பேசவான்னு ரெண்டு மாசமாக் கேக்க நெனைக்கிறேன். சத்தியம் வாங்கிட்டீங்க."

அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அந்த ஆளின் நரம்பு எனக்கு முதல் குத்தில் கிடைக்கவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

காலையில் தேன்மொழி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "மதினி, கோவிச்சுக்கிட மாட்டீகளே. நீங்க அவுகளக் கூப்புட்டீகளா?"

"அவனுக்குத்தான் தெரியுமே" என்றேன்.

"தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தெரியும், டெப்போவுக்குத் தெரியும், வலை இழுக்கிறவுகளுக்குத் தெரியும். சொன்னீகளா?"

அப்பாவும் அம்மாவும் போனபோது கதிருக்குப் பதினான்கு வயது. அவன் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே என் பெயர் ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் என் பத்திரிகையில் அவன் பெயர்தானே இருந்திருக்க வேண்டும்? அவன் முகம் சுளிப்பதைப் பார்க்கப் பயந்து நான் பத்திரிகையே அடிக்கவில்லை. பல் வலி, ஊறுகாய் என்று தள்ளிப்போட்டேன். என் கல்யாணத்தை அவன் எவனோ ஒரு பயணி சொல்லித் தெரிந்துகொண்டான். அவன் பேசாமல் இருந்தது எதற்கு என்று எனக்கு மே மாதமே தெரியும். மதம் என்று எழுதி வைத்துக்கொண்டது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு கதிருவின் பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் அவனுக்குச் செய்தி பஸ்ஸில்தானே போனது, அழைப்பும் அங்கேயே போகட்டும் என்று தோன்றியது. டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்று எழுதியிருந்தது. நாற்பது நிமிஷம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன். கண்ணாடியில் அவன் என்னை இரண்டு தடவை பார்த்தான். பக்கத்தில் இருந்த அம்மாள், "யாரு வீட்டு விசேஷம்?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள். நான் எழுந்து தாம்பாளத்தை நீட்டினேன்.

"கதிரு, திங்கக்கெழம எனக்குக் கல்யாணம். மொதல்ல ஒங்கிட்டதான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மூணாவது சாட்சியா நீ வரணும்."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. தாம்பாளம் கனத்தது. அவன் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இஞ்சின் மூடிமேல் அதை வைத்தேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

"வண்டிய எடுக்கணும். எறங்கு" என்றான்.

மூன்று மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இறங்கினேன். பஸ் திரும்பிப் போனது, வெற்றிலைத் தாம்பாளமும் கூடவே போனது. வாங்கினான் என்றும் சொல்ல முடியாது, வாங்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 10

வீட்டில் தாம்பாளத்தைக் காணோம். அவன் அதிகாலை டூட்டிக்குப் போய்விட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

அவன் வராவிட்டாலும் நாளைக்குக் கல்யாணம் நடக்கும். இதைச் சூசை சாரிடம் போனில் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். மூக்கை உறிஞ்சியது கேட்டது.

மாலையில் போய் மேஜையைக் கரையில் போட்டுவிட்டு வந்தோம். நாலு காலுக்கும் நாலு சிரட்டை.

ஆகஸ்ட் 11, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

பத்தரைக்குப் பதிவாளர் ஜீப்பில் வந்தார், பெரிய புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பன்னிரண்டரைக்குக் கிளம்பியாக வேண்டும் என்றார். ஆடிக்காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது, ஆனால் காற்று கரையிலிருந்து அடித்ததால் எங்கள் வடகடல் குளம் மாதிரிக் கிடந்தது. மொத்தம் இருபத்தைந்து பேர். எல்லாம் சரியாக இருந்தது, மேஜையைத் தவிர.

மேஜை போட்ட இடத்திலேயே இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கயிறு, அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு கயிறு, இரண்டும் கடலுக்குள் போயின. காலையிலேயே வலை விட்டிருக்கிறார்கள். நாங்கள் கயிற்றுக்கு வெளியே, கல்யாண மேஜை உள்ளே.

"நேத்தே பாத்தேன் மேசைய" என்றார் கருமலை சம்மாட்டி. "காலையில மீன் கூட்டங்கூட்டமாப் பொரிஞ்சு வருது, விட முடியுமாத்தா? மடி கரையேறட்டும், ஒரு ரெண்டு மணி நேரம்."

பதிவாளர் வாட்சைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் என்றால் அவர் போய்விடுவார். அவர் போனால் நோட்டீஸ் போய்விடும். மூன்று மாதம் நான் தள்ளித் தள்ளிப் போட்டதற்குக் கடல் சேர்த்து வைத்துக் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆள் கூடுனா வலை சீக்கிரம் வருமா?" என்று கேட்டார் சூசை சார்.

"வராம?"

சூசை சார் புது வேட்டியை மடித்துக் கட்டினார். நான் சேலையை இடுப்பில் செருகினேன். நூர்ஜகான், ரோஸ்லின் அக்கா, வாட்ச்மேன், பார்மசிஸ்ட் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தோம். சம்மாட்டி பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலோ" போட்டார்கள். பதிவாளர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புத்தகத்தைக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார்.

இழுத்துக்கொண்டே சம்மாட்டியிடம் சொன்னேன்: "எனக்கு ஒரு சாட்சி கொறையுது. மடி வந்ததும் ஆதாரை எடுத்தாந்து நீங்க கையெழுத்துப் போடணும்."

"கைநாட்டு செல்லுமா?" என்றார். செல்லும் என்றார் பின்னாலிருந்து பதிவாளர்.

கரைவலையில் ஒரு விஷயம் உண்டு. வலை நெருங்க நெருங்க இரண்டு கயிற்றுக்காரர்களும் பக்கவாட்டில் நடந்து ஒருவரை ஒருவர் நோக்கி வருவார்கள். முதலில் அந்தக் கயிற்றில் இருந்தவர்கள் எனக்குப் பொட்டு பொட்டாகத்தான் தெரிந்தார்கள். பிறகு தலை தெரிந்தது, முண்டாசு தெரிந்தது. வரிசையின் கடைசியில் ஒருவன் பச்சைக் கட்டம் போட்ட சட்டையும் காக்கி பேண்டுமாக, முழங்கால்வரை நனைந்து, வேறு யாரையும் பார்க்காமல் கயிற்றை மட்டும் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"அவரு எட்டு மணிக்கே வந்துட்டாரு. முதல்ல ஒரு தாம்பாளத்தக் கொண்டாந்து அந்த மேசையில வச்சாரு. அப்புறம் கயிறு போட்டுட்டோம், அந்தப் பக்கமே மாட்டிக்கிட்டாரு. சும்மா நிக்க மாட்டேன்னு கயித்தப் புடிச்சிட்டாரு" என்றார் சம்மாட்டி.

இழுத்தேன். ஒவ்வொரு "ஏலோ"வுக்கும் அவன் ஒரு எட்டு இந்தப் பக்கம் வந்தான், நான் ஒரு எட்டு அந்தப் பக்கம் போனேன். அழுதேன் என்றுதான் எழுத வேண்டும், அழுதேன். எல்லாருக்கும் வியர்வை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

பதினொன்றேகாலுக்கு மடி கரையேறியது. பெரிதாக மீன் ஒன்றுமில்லை, காரலும் சூடையும் இரண்டு கணவாயும். கயிறு தொட்டவர்களுக்கெல்லாம் பங்கு என்பது கரை வழக்கம். பதிவாளரின் சாப்பாட்டுப் பையில் சம்மாட்டி ஒரு கை காரலைப் போட்டார். "ஐயையோ, இதெல்லாம் வாங்கக்கூடாதுங்க" என்று அவர் பதறினார். "லஞ்சம் இல்ல சார், கூலி" என்றார் சம்மாட்டி.

நாங்கள் மேஜைக்குப் போனோம். தாம்பாளம் இருந்தது. வெற்றிலை வாடியிருந்தது, பழம் கறுத்திருந்தது. காற்றில் தாள் பறக்காமல் இருக்கக் கிளார்க் அதையே தூக்கிப் படிவங்களின் மேல் வைத்தார்.

"மூணாவது சாட்சி யாரு? ஆதார் நகல், ரெண்டு போட்டோ" என்றார் பதிவாளர்.

கதிரு சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டூடியோ கவரை எடுத்து நீட்டினான். மூலையெல்லாம் நைந்து, வியர்வையில் ஊறிக் காய்ந்திருந்தது. பதிவாளர் பிரித்து, ஆதார் நகலை எடுத்து வைத்துவிட்டுப் போட்டோவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கவரை நான் வாங்கிப் பார்த்தேன். மேலே ஸ்டூடியோக்காரர் பேனாவில் தேதி எழுதியிருந்தார். மே 16. அந்தப் பயணி அவனிடம் சொன்னதற்கு மறுநாள்.

"நோட்டீஸப் போய்ப் பாத்தேன். சாட்சிக்கு என்னென்ன வேணும்னு பக்கத்துலயே எழுதிப் போட்டிருந்துச்சு" என்றான்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலியேக்கா."

பிறகு கல்யாணம் நடந்தது. "சூசைமாணிக்கம் ஆகிய உங்களை என் சட்டப்படியான கணவராக ஏற்றுக்கொள்கிறேன்" என்று நான் சொன்னேன், சார் என்று ஒரு தடவை சேர்த்துவிட்டேன். அவர் திருப்பிச் சொல்லும்போது மேடம் என்றார். அதனால் சரியாகப் போயிற்று. இதுவரைக்கும் தாமதமாகவே வந்த எங்கள் வண்டி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு உள்ளே வந்தது என்று அவர் வாட்சைப் பார்த்துச் சொன்னார். கதிரு சிரித்துவிட்டான். வானத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தே சிரித்தான்.

கடைசியாகச் சாட்சிகள் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கதிரு கையைத் துடைக்காமலே பேனாவை வாங்கிவிட்டான். அவன் பெயரின் மேல் வெள்ளி மாதிரி ஒரு காரல் செதில் ஒட்டிக்கொண்டது. பதிவாளர் அதை நகத்தால் சுரண்டப் போனார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.